உதவித்தொகை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. பிள்ளை பாஸ். இனிமேல்தான் ஆபத்து. தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை பள்ளியைத் தாண்டிப் படிக்கப் போகிறது என்று தெரிந்தால் போதும், நாலா பக்கமிருந்தும் பணம் கிளம்பிவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணா? மாதம் 1,000 ரூபாய், புதுமைப் பெண். பையனா? அதே 1,000, தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளையா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியா? தொழிற்படிப்புக்குக் கட்டணச் சலுகை.

பயப்படாதீர்கள். எல்லாவற்றையும் தடுத்து நிறுத்தலாம். இதில் பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே திறமையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் பொறுப்பு. பெற்றோர், தலைமையாசிரியர், கல்லூரி நிர்வாகி, சீட்டில் இருக்கும் கிளார்க், டீக்கடையில் நாட்டு நடப்பு பேசுகிறவர் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவர் கோட்டைவிட்டாலும் அடுத்தவர் பிடித்துக்கொள்வார். நம் ஏற்பாடு அவ்வளவு பலமானது.

1. எட்டாம் வகுப்பிலேயே உஷாராகுங்கள்

என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. அரசுப் பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிற அத்தனை பேரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

தலைமையாசிரியர்களே, நிச்சயம் தேறுவான் என்று தோன்றுகிற இரண்டு பேரை மட்டும் தேர்வுக்கு அனுப்புங்கள். பள்ளியின் தேர்ச்சி விகிதம் பளிச்சென்று இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தேர்வு நடந்ததே தெரிய வேண்டாம்.

பெற்றோர்களே, அப்படியும் உங்கள் பிள்ளை தேறித் தொலைத்துவிட்டால் மனம் தளராதீர்கள். ஒரு தடவை வாங்கினால் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் தொகை அல்ல இது. ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். பள்ளி மாறும் வருடம் நமக்குப் பொன்னான வாய்ப்பு. ‘அதை உங்க பழைய ஸ்கூல்லதான் பண்ணணும்’ என்று புதிய பள்ளி சொல்லும். ‘டி.சி. கொடுத்தாச்சே, அங்க போய்க் கேளுங்க’ என்று பழைய பள்ளி சொல்லும். இரண்டு பேரையும் நம்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஊரகத் திறனாய்வுத் தேர்வில் ஜெயித்து வருகிற தொகையை மட்டும் நீங்கள் தடுக்கவே வேண்டியதில்லை. ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு வகுத்தால் 83 ரூபாய் சொச்சம். தடுக்கும் வேலையைத் தொகையை நிர்ணயித்தவர்களே முடித்துவிட்டார்கள்.

2. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளி

இது பெரிய மனிதர்களின் வழி. செலவு கொஞ்சம் ஆகும், பலன் முழுமையானது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டுக்கும் அடிப்படை, பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு விரிவாக்கிய அதே 7.5 சதவீதத்துக்கும் அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். எவ்வளவு பெரிய இக்கட்டு, பாருங்கள்.

எனவே பத்தாவதில் 430 மார்க் எடுத்த பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து உருவி, நாமக்கல் பக்கம் ஏதாவதொரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுங்கள். ‘அங்க போட்டா டாக்டர்தான்’ என்று சொன்ன மச்சானிடம் ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டுங்கள். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் பழைய அரசுப் பள்ளிக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். பணமும் போய், தகுதியும் போய், பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

3. ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர்

பெண்ணின் பெயர் முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் பட்டியலில் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுசாக. வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், ‘முத்து’ தனியாக, ‘லட்சுமி’ தனியாக. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் கே, எஸ், எச். நமக்கு ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள். அதில் இரண்டு பேர் மோசடிக்காரர்கள்.

இதைத் திருத்திவிடாதீர்கள். பள்ளியில் பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் தயாரிக்கும்போது ‘பேர் சரியா இருக்கான்னு வீட்ல காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வா’ என்று ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு கல்லூரி அலுவலகத்தில் ‘ஏம்மா, இதுல ஸ்பேஸ் இருக்கு, அதுல ஸ்பேஸ் இல்ல, நான் என்ன பண்றது?’ என்று கேட்கும்போது உங்கள் மகள் பதில் தெரியாமல் நிற்பாள். ஒரு இடைவெளிக்காக ஒரு வருட உதவித்தொகை நிற்பது நம் நிர்வாகத்தின் நுட்பத்தைக் காட்டுகிறது.

ஆதாரில் இருக்கும் படத்தையும் தொடாதீர்கள். 15 வயதானதும் கைரேகை, கருவிழி, படம் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆனால் ஒன்றாம் வகுப்பில் பொட்டு வைத்து, ரெட்டைச் சடை போட்டு எடுத்த படம் எவ்வளவு அழகாக இருக்கிறது! அதையே வைத்துக்கொண்டு, கல்லூரி சேரும் வாரத்தில் கைரேகை பொருந்தவில்லை என்று மெஷின் சொல்லும்போது ஆச்சரியப்படுங்கள்.

4. வங்கிக் கணக்கு எங்கே, போன் நம்பர் யாருடையது?

இது நம் பயிற்சியின் இதயப் பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

அரசு நேரடியாக அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதாரைப் பார்த்து வருகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் பொருந்தும். கடைசியாக எந்தக் கணக்கில் இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். இந்த ஒரு விஷயம் பிள்ளைக்குத் தெரியாமல் இருந்தால் போதும், மீதியெல்லாம் தானாக நடக்கும்.

பள்ளியில் படிக்கும்போது ஒரு தேசிய வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்திருப்பீர்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் போட்டெடுக்காமல் கிடந்தால் கணக்கு உறக்க நிலைக்குப் போய்விடும். கல்லூரியில் சேர்ந்ததும் அவர்கள் சொல்லும் வங்கியில் இன்னொன்று திறக்கட்டும். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் குடை போட்டு சிம் விற்கிற தம்பியிடம் போகட்டும். ‘அக்கா, இன்னொரு வாட்டி விரல் வைங்க, சரியா விழல’ என்பார். வைக்கட்டும். அந்த இரண்டாவது விரலில் என்ன கணக்கு திறந்தது, எதில் ஆதார் ஏறியது என்று யாரும் கேட்க வேண்டாம். விண்ணப்பத்தில் ஒரு வங்கி, ஆதாரில் இன்னொரு வங்கி, கையில் இருக்கும் பாஸ்புக் மூன்றாவது வங்கி. பணம் வந்துவிட்டது என்று அலுவலகம் சொல்லும். வரவில்லை என்று பிள்ளை சொல்லும். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

அடுத்து போன் நம்பர். பிள்ளைக்கு எதற்கு சொந்த நம்பர்? கெட்டுப்போய்விடும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் சித்தப்பாவின் நம்பரைக் கொடுங்கள். ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் ஷிப்டில் இருப்பார், போன் லாக்கரில் இருக்கும். பத்து நிமிடத்தில் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். சித்தப்பா வெளியே வந்து ‘என்னம்மா, ஏதோ நம்பர் வந்திருக்கு, யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கு, அதான் சொல்லல’ என்பார். பொறுப்பான மனிதர்.

5. வருமானச் சான்றிதழ்

கடைசித் தேதி என்று ஒன்று போட்டிருப்பார்கள். அன்று காலையில் கிளம்புங்கள். அதற்கு முன்பே கிளம்புவது அரசாங்கத்தை அவமதிப்பதாகும்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். ‘ரசீது கேட்டா லேட்டாகும்’ என்று சொல்லும் கடையைத் தேர்ந்தெடுத்தால் 200 ரூபாய். அங்கிருந்து மனு வி.ஏ.ஓ.வுக்குப் போகும், ஆர்.ஐ.க்குப் போகும், தாசில்தாருக்குப் போகும். வி.ஏ.ஓ.வுக்கு அன்று ஜமாபந்தி இருக்கும், இல்லாவிட்டால் தேர்தல் வேலை, இல்லாவிட்டால் பக்கத்துக் கிராமமும் கூடுதல் பொறுப்பு. நீங்கள் அவசரப்படாமல் வாசலில் இருக்கும் வேப்பமரத்தடியில் உட்காருங்கள். ஒரு நாள் கூலி போகும். மறுநாளும் வாருங்கள், இரண்டு நாள் கூலி. பிள்ளைக்கு வரவேண்டிய ஒரு மாதத் தொகை அங்கேயே நேராகிவிடும், கணக்கு சுத்தம்.

ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் 72,000 என்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் எல்லோருடைய வருமானமும் பல வருடங்களாக 72,000தான். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பழைய வரம்பு அது. வரம்பை 1,20,000 என்று உயர்த்தியும் நம் கை பழைய எண்ணை விடவில்லை. அதே மாதம் கல்விக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது நாலு லட்சம் என்று இன்னொன்று வாங்குங்கள். இரண்டும் ஒரே ஆதாரில் பதிவாகியிருக்கும்.

உண்மையான வருமானத்தை எழுதினாலும் தப்பில்லை, பலன் ஒன்றுதான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,833. அப்பா கொத்தனார், அம்மா நர்சரி பள்ளியில் ஆயா என்றால் இரண்டு சம்பளத்தையும் நேர்மையாகக் கூட்டிப் பாருங்கள். வரம்பைத் தாண்டிப் பணக்காரர் ஆகியிருப்பீர்கள். அம்மாவை வேலையை விட்டு நிறுத்தினால் மறுபடி ஏழையாகிவிடலாம். படிப்பதற்காகக் குடும்பம் இன்னும் கொஞ்சம் ஏழையாவது நல்ல தொடக்கம்.

6. கரெஸ்பாண்டென்ட் ஐயா அவர்களுக்கு

உங்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் புதிதாகக் கல்லூரி தொடங்கியவர்களுக்குப் பயன்படட்டும்.

சேர்க்கை நாளன்று முழுக் கட்டணத்தையும் வாங்குங்கள். ‘ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தந்துடுவோம்’ என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்க வேண்டாம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் வந்த அரசாணை 92ஐப் பற்றி மாணவர் சங்கத்துப் பையன் யாராவது ஆரம்பித்தால், ‘அதெல்லாம் கவர்மெண்ட் காலேஜுக்குத் தம்பி’ என்று கனிவாகச் சொல்லுங்கள். அது சுயநிதிக் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது என்பதைப் படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி பீரோவில் பூட்டுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பையும் அதே பீரோவில் வையுங்கள்.

எஸ்.சி. பிள்ளைகளின் போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் இப்போது மாணவர் கணக்குக்கே நேரடியாகப் போகிறது. முதலில் நீங்கள் வருத்தப்பட்டிருப்பீர்கள். தேவையில்லை. பணம் ஏறிய அன்று மாலையே பிள்ளையைக் கூப்பிட்டு, ‘வந்த காசை நாளைக்கே ஆபிஸ்ல கட்டு, இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது’ என்றால் போதும். பராமரிப்புப் படி என்று அதில் சேர்ந்து வருவதும், அதாவது அந்தப் பிள்ளை சாப்பிடவும் பஸ் ஏறவும் நோட்டு வாங்கவும் தந்த காசும், பிரித்துப் பார்க்கத் தெரியாததால் உங்கள் கல்லாவுக்கே வந்துவிடும்.

இன்னொன்று. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அட்டெண்டரை அனுப்புங்கள். அவர் கதவருகில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும்: ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் எழுந்து ஆபிஸுக்கு வாங்க.’ ஆறு பேர் எழுந்திருப்பார்கள். அதுவரை அவர்களோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பேராசிரியர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். அந்த ஆறு பேர் பெஞ்ச் வரிசையைத் தாண்டி வாசலுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரத்தை எந்த இணையதளமும் பதிவு செய்வதில்லை. அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது ஆறில் ஒருவர் ‘எனக்கு வேணாம் சார்’ என்று தானாகவே சொல்வார். விண்ணப்பதாரரே விலகிக்கொண்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

7. சீட்டில் இருப்பவருக்கு

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். காரணம் என்ற இடத்தில் ‘தகுந்த ஆவணம் இல்லை’ என்று எழுதுங்கள். எந்த ஆவணம் என்று எழுதிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு அனுப்புவது உத்தமம்.

8. இரண்டு உதவி வாங்கக் கூடாது என்று சொல்லுங்கள்

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வாங்குகிற மாணவி வேறு உதவித்தொகையும் வாங்கிக்கொள்ளலாம், தடையில்லை. இது வெளியே பரவினால் நம் உழைப்பெல்லாம் வீண். ‘ரெண்டும் வாங்கினா பிற்பாடு கவர்மெண்ட் வேலைக்குப் போகும்போது மாட்டிக்குவே’ என்று ஒரு சீனியரைக் கொண்டு சொல்லவையுங்கள். பதினேழு வயதில் அரசு வேலை என்ற சொல்லுக்குப் பயப்படாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. நாலு நாளில் ஹாஸ்டல் முழுக்கப் பரவிவிடும், ஒரு சுற்றறிக்கை கூடத் தேவைப்படாது.

கல்விக் கடனுக்கும் இதே முறை. நாலு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகள் தாங்களே வகுத்துக்கொண்ட விதி. மேனேஜர் ‘வீட்டுப் பத்திரம் இருக்கா?’ என்பார். ‘இருக்குங்க’ என்று பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

9. பணத்தைத் தாமதமாக அனுப்புங்கள்

இது கோட்டையில் இருப்பவர்களுக்கு. திட்டத்தை நிறுத்தவே வேண்டாம். நிறுத்தினால் கெட்ட பெயர். ஜூனில் தேவைப்படும் பணத்தை மார்ச்சில் அனுப்பினால் யாரும் எதுவும் சொல்ல முடியாது, கொடுத்தாயிற்று.

இடையில் இருக்கும் ஒன்பது மாதத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் அழகு. பையன் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போவான். முகூர்த்த நாளில் விடிய விடிய பந்தி பரிமாறி, இலை எடுத்து, காலையில் 500 ரூபாயுடன் வந்து படுத்தால் முதல் இரண்டு பீரியட் போய்விடும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினால் எழுதலாம். அதைக் கட்ட இன்னும் இரண்டு கல்யாணத்துக்குப் பரிமாற வேண்டும். வருகை இன்னும் குறையும். ஐப்பசியும் தையும் முகூர்த்த மாதங்கள் என்பதால் செமஸ்டர் தேர்வை அதற்கு ஒட்டி வைப்பது நல்லது.

கொடுக்கும் தொகைக்கு வேளை குறிப்பதில் 2011இல் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இடைநிற்காமல் இருப்பதற்காகப் பத்தாவதில் 1,500, பதினொன்றில் 1,500, பன்னிரண்டில் 2,000, ஆக 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அந்தப் பணத்தை அரசு நிதி நிறுவனத்தில் முதலீடு செய்து, பிளஸ் டூ முடித்ததும் கையில் கொடுப்பது ஏற்பாடு. பத்தாவதில் வீட்டில் வழியில்லாமல் நின்றுவிடும் பிள்ளை, நிற்காமல் இருந்திருந்தால், மூன்று வருடம் கழித்து நிற்காமல் இருந்ததற்காக 5,000 வாங்கியிருக்கலாம்.

10. இத்தனையும் மீறி ஆயிரம் ரூபாய் வந்துவிட்டால்

வரத்தான் செய்கிறது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் தொடங்கியதிலிருந்து மாதாமாதம் லட்சக்கணக்கான பெண்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் ஆரம்பித்துவிட்டார்கள். வெளியே எல்லோரும் கைவிட்ட நிலையில், கடைசி அரண் வீடுதான்.

முதலில் ஏ.டி.எம். கார்டைப் பெண்ணிடமிருந்து வாங்கி உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். ரகசிய எண்ணைக் கார்டின் பின்னாலேயே எழுதிக்கொள்ளலாம். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை, தம்பியின் போனுக்கு மாத இ.எம்.ஐ., ஏலச்சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமை உண்டு. ஒரு நாளைக்கு 33 ரூபாய் வீதம் வரும் பணத்துக்குக் குடும்பத்தில் இத்தனை உறவுகள் இருப்பது பெருமைக்குரியது. அவள் ‘ரெக்கார்ட் நோட் வாங்கணும்ப்பா, 180 ரூவா’ என்றால், ‘போன மாசம்தானே ஆயிரம் வாங்கினே?’ என்று கேளுங்கள். போன மாதம் அதை வாங்கியது யார் என்ற கேள்வியை அவள் கேட்க மாட்டாள். வளர்ப்பு அப்படி.

கொஞ்சம் பெரிதாக யோசிக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்தத் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். அதற்கு முன் அதே அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண நிதியுதவித் திட்டம். 2011இல் அதில் தாலிக்கு நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் எட்டு கிராம் ஆனது. 2022இல் அந்தக் கல்யாணப் பணத்தைத்தான் படிப்புக்கு என்று மாற்றினார்கள். தேவதாசி முறையை ஒழிக்க வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பெண்ணின் பெயருக்குத் தாலியைவிடக் கல்லூரி பொருத்தம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நீங்கள் விட்டுவிடாதீர்கள். மாதம் 1,000 ரூபாயை நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்தில் கட்டுங்கள். டிகிரி முடிய 36,000 சேரும். இன்றைய விலையில் அரைப் பவுனை எட்டிப் பிடிப்பதே சிரமம். ஆனாலும் அரசாங்கம் மாற்றியதை உங்கள் வீட்டளவில் பழையபடி மாற்றிவிட்டீர்கள். ரெக்கார்ட் நோட்டை அவள் தோழியிடம் இரவல் வாங்கிக்கொள்வாள்.

இல்லை, அவ்வளவு காலமெல்லாம் காத்திருக்க முடியாது என்றால் ஊருக்குள் மில் வேன் வரும். திண்டுக்கல், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருடத்துக்கு அழைத்துப்போய், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொன்ன ‘சுமங்கலி’ ஏற்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். டிகிரிக்கும் அதே மூன்று வருடம்தான்.

11. டீக்கடைப் பேச்சு

‘சும்மா காசு குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டாங்க சார். அந்தக் காசுல போன் ரீசார்ஜ் பண்ணிட்டுச் சுத்துதுங்க.’

இதைத் தினமும் ஒருமுறை சொல்லுங்கள். சொல்வதற்கு முன், உங்கள் மகன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் படிக்கும் கல்லூரிக்குக் கொடுத்த நன்கொடையையும், அவனுடைய பாக்கெட் மணியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அன்பு. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 28.4 சதவீதமாக இருந்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 என்று யாராவது ஆரம்பித்தால் மழையைப் பற்றிப் பேசுங்கள். ரீசார்ஜ் பண்ணாமல் விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. எப்படி வரும் என்று கேட்பவரோடு டீ குடிப்பதையே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. சில ஊர்களில், சில கல்லூரிகளில், ஒரு பேராசிரியையோ ஒரு கிளார்க்கோ சேர்க்கை நாளன்றே மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் ஆதாரும் எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்த்து, பெயரைத் திருத்தச் சொல்லி, யு.எம்.ஐ.எஸ். என்ற கல்லூரி மாணவர் விவர இணையதளத்தில் எல்லாம் ஏறும் வரை விடாமல் துரத்துகிறார்களாம். இப்படிப்பட்டவர்கள் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், இந்தக் கையேட்டால் அங்கே எந்தப் பயனும் இல்லை. மாறுதல் உத்தரவு ஒன்றுதான் வழி.

மற்ற எல்லா ஊர்களிலும் வேலை தொடரட்டும். கடைசித் தேதியை நீட்டித்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பிள்ளைக்கு அனுப்பிவிடாதீர்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். உங்கள் வீட்டில் இருப்பது எந்தத் தேதியில் வாங்கியது என்று எழுந்துபோய்ப் பார்த்துவிடவும் வேண்டாம்.